கண்ணிநுண்சிறுத்தாம்பு காட்டும் பொறுமையும் இடைவிடாத அநுஸந்தானமும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அருளிச்செயல்களைப் பயிலத் தொடங்கிய பாகவதர்களுள் பலருக்கு, சில காலம் சென்றபின் ஓர் ஏக்கம் உண்டாகிறது. முதல் நாள் ஸந்தையில் அமர்ந்தபோது இருந்த உத்ஸாஹம் பின்னர்க் குறைகிறது. பாசுரங்கள் நாவில் நிற்கின்றன. நெஞ்சு மட்டும் வேறெங்கோ திரிகிறது. ஆழ்வார்கள் ஒரு குணத்தை நினைத்த மாத்திரத்தில் உருகினார்கள் என்று கேட்கிறோம். நாமோ ஆயிரம் பாசுரங்களைச் சொல்லியும் கல்லாகவே இருக்கிறோமே என்ற எண்ணம் வருகிறது.

இந்த ஏக்கம் நல்லதே. ஆனால் இதிலிருந்து இரண்டு தவறான முடிவுகள் பிறக்கக் கூடும். "நம் முயற்சி போதாது; நமக்கு இதற்கு யோக்யதை இல்லை" என்று சோர்ந்து விட்டுவிடுவது ஒன்று. "எம்பெருமானே உபாயம் என்பதன்றோ நம் ஸித்தாந்தம், ஆகையால் நாம் பயின்றால் என்ன, பயிலாவிட்டால் என்ன" என்று அலக்ஷ்யமாக விட்டுவிடுவது மற்றொன்று. முதலாவது தாழ்ச்சி போலவும் இரண்டாவது ஞானம் போலவும் தோன்றும். இரண்டாலும் விளைவது ஒன்றே: அநுஸந்தானம் நின்றுபோகிறது.

பேறு முழுவதும் அவன் அருளாலே என்றிருக்க, நாம் ஏன் நாள்தோறும் பயில வேண்டும்? பயின்றும் பலன் காணாதபோது எதைக் கொண்டு பொறுத்திருப்பது? இவ்விரு கேள்விகளுக்கும் விடையாக மதுரகவியாழ்வார் அருளிச்செய்த கண்ணிநுண்சிறுத்தாம்பை நாம் இங்கு அநுபவிக்க முயல்வோம். பதினொரு பாசுரங்களே கொண்ட இந்தப் பிரபந்தம் முதலாயிரத்தின் இறுதியில் அமைந்துள்ளது. திருவாய்மொழி அநுஸந்தானத்துக்கு முன்பு இதனைச் சொல்லும் வழக்கமும் நம்மிடையே உண்டு. இதன் தொடக்கத்திலும் முடிவுக்கு அருகிலும் பொறுமையைப் பற்றிய இரண்டு உயர்ந்த செய்திகள் உள்ளன.

எட்டாத கயிறு

நம்மாழ்வாரைத் தவிர வேறு தெய்வம் அறியாத மதுரகவிகள், தம் பிரபந்தத்தைக் கண்ணன் கட்டுண்ட சரித்திரத்தைக் கொண்டு தொடங்குகிறார். தம் ஆசார்யரான நம்மாழ்வார் மிகவும் ஈடுபட்ட விஷயம் அது என்பதால், ஆசார்யருடைய உகப்புக்காக அதனை எடுத்தார் என்று நம் பூர்வர்கள் காட்டுவர். திருவாய்மொழி முதற்பத்து மூன்றாம் திருவாய்மொழியின் முதற்பாசுரத்தில் இந்த நவநீதசௌர்ய வ்ருத்தாந்தத்தைச் சொன்ன அளவிலே ஆழ்வார் ஆறு மாத காலம் மோஹித்துக் கிடந்தார் என்பது நம் ஸம்பிரதாயத்தில் ப்ரஸித்தம்.

அந்தக் கயிற்றுக்கு மதுரகவிகள் இட்ட அடைமொழிகள் மூன்று. பல முடிச்சுகளை உடையது. திருமேனியில் உறுத்தும்படி மெல்லியது. சுற்றிக் கட்டுவதற்குப் போதாதபடி சிறியது. கயிற்றுக்குப் பெருமை ஒன்றும் சொல்லவில்லை. அதன் குறைகளையே அடுக்கியிருக்கிறார்.

ஸ்ரீபாகவதம் தசம ஸ்கந்தத்தில் இந்த நிகழ்ச்சி விரிவாகக் கூறப்பட்டுள்ளது. யசோதைப் பிராட்டி கண்ணனைக் கட்டத் தொடங்கியபோது கயிறு இரண்டு அங்குலம் குறைந்தது. மற்றொரு கயிற்றை எடுத்து அதனோடு முடிந்தாள். அப்போதும் இரண்டு அங்குலமே குறைந்தது. மீண்டும் ஒன்றை முடிந்தாள். மீண்டும் அதே இரண்டு அங்குலம். வீட்டில் இருந்த கயிறுகளையெல்லாம் சேர்த்தும் குறை தீரவில்லை. சூழ நின்ற ஆய்ச்சியர் சிரித்தனர், அவளும் சிரித்தாள். அவள் மேனி வியர்த்ததையும், கூந்தலில் சூடிய மலர்கள் உதிர்ந்ததையும் கண்ட கண்ணன், க்ருபையினாலே தன்னைக் கட்ட இசைந்தான்.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது அந்த இரண்டு அங்குலத்தை. கயிறு நீள நீளக் குறை சுருங்கியிருந்தால், இன்னும் சற்று நீட்டினால் எட்டிவிடும் என்று கணக்கிடலாம். அப்படி நிகழவில்லை. முதற்கயிற்றுக்கு எவ்வளவு குறையோ, கடைசிக் கயிற்றுக்கும் அவ்வளவே. எனவே யசோதை கயிற்றின் நீளத்தால் அவனைக் கட்டினாள் அல்லள். அவன் தானே இசைந்து கட்டுண்ணும்படி செய்துகொண்டான் என்பதே மதுரகவிகளின் சொல்லமைதியும் காட்டும் பொருள்.

ஆயினும் அவன் கட்டுண்டது எந்தக் கயிற்றால்? புதிதாக ஒரு திவ்யமான பாசத்தை வருவித்து அதனால் கட்டுண்டானா? இல்லை. அவள் கையில் இருந்த, முடிச்சும் முண்டுமான, போதாத அதே கயிற்றால்தான் கட்டுண்டான். குறை கயிற்றில் இருந்தது. அதனை நிரப்பியது அவன் திருவுள்ளம். நிரப்பிய பிறகும் கயிற்றை அவன் தள்ளவில்லை.

நம் அநுஸந்தானமும் இப்படிப்பட்ட கயிறே. உச்சரிப்பில் பிழை, மனத்தில் சிதறல், நடுவே விட்டுப்போன நாட்கள், மறுபடி தொடங்கிய முடிச்சுகள் என்று அதில் குறைகளுக்குப் பஞ்சமில்லை. எவ்வளவு பயின்றாலும் அவனை வசப்படுத்தும் அளவுக்கு அது எட்டப்போவதும் இல்லை. "என் முயற்சி போதாது" என்று சோர்ந்தவர் உண்மையைத்தான் சொல்கிறார். ஆனால் அந்த உண்மையிலிருந்து கயிற்றைக் கீழே போட்டுவிட வேண்டும் என்ற முடிவு வராது. யசோதையின் கயிறும் கடைசி வரை போதாததாகவே இருந்ததன்றோ?

மேலும், யசோதை கண்ணனைக் கட்டியது ஏதோ ஒரு பேற்றைக் கருதி அன்று. அவன் அவள் பிள்ளை. அந்த உறவே அவளைக் கயிறு எடுக்கச் செய்தது. பேறு கருதிச் செய்யும் செயலில் தாமதம் நஷ்டமாகத் தோன்றும். உறவினால் செய்யும் செயலில் அப்படித் தோன்றாது. எம்பெருமானுக்கும் நமக்கும் உள்ள ஒழிக்க ஒழியாத ஸம்பந்தத்தை உணர்ந்து பயில்பவர்க்குப் பொறுமை தனியாக முயன்று அடைய வேண்டிய குணமாக இராது.

மதுரகவிகள் நடந்த வழி

இந்தப் பிரபந்தத்தை அருளியவரின் சரித்திரமும் காத்திருத்தலின் சரித்திரமே. நம்மாழ்வார் திருக்குருகூரிலே அவதரித்து, உண்ணாமலும் அழாமலும், திருப்புளியாழ்வாரின் அடியிலே பதினாறு ஆண்டுகள் மௌனமாக எழுந்தருளியிருந்தார். மதுரகவிகளோ அவருக்கு முன்பே திருக்கோளூரில் அவதரித்தவர். வடதேச யாத்திரையாக அயோத்தியில் இருந்தபோது, தெற்கே ஒரு பேரொளியைக் கண்டு, அதனையே வழிகாட்டியாகக் கொண்டு பல திவ்யதேசங்களையும் கடந்து நடந்து வந்தார். திருக்குருகூரை அடைந்ததும் அந்த ஒளி மறைந்தது. ஆழ்வாரிடம் ஒரு கேள்வி கேட்டு, அவர் திருவாய் மலர்ந்த விடையைக் கேட்டு, அவர் திருவடிகளையே பற்றினார்.

திருக்கோளூரும் திருக்குருகூரும் நவதிருப்பதிகளைச் சேர்ந்தவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே சென்றுவிடலாம். மதுரகவிகள் அடைய வேண்டிய இடம் அவர் பிறந்த ஊருக்கு அடுத்தே இருந்தது. அதனை அடைவதற்கு அவர் அயோத்தி வரை சென்று திரும்ப வேண்டியிருந்தது. அந்த நெடுவழி வீண் என்று நாம் சொல்லத் துணிவோமா? ஒளியைக் காட்டியவன், காலம் பார்த்துக் காட்டினான். ஒளி தெரிந்தபின் மதுரகவிகள் செய்தது, ஒவ்வொரு நாளும் அன்றைய வழியை நடந்தது மட்டுமே.

அவர் தம் முதற்பாசுரத்திலும் இரண்டாம் பாசுரத்திலும் சொல்லும் அநுபவமும் கருதத்தக்கது. ஆழ்வாருடைய திருநாமத்தைச் சொன்னபோது இனிமை ஊறியது தம் நாவிலே என்கிறார். நாவினால் சொல்லி இன்பம் அடைந்ததாகவும், ஆழ்வாருடைய பாசுரங்களைப் பாடிக்கொண்டே திரிவதாகவும் அருளிச்செய்கிறார். இன்பம் முதலில் வந்து சேர்ந்த இடமும் நா. இனித் தொடர்ந்து செய்யப்போவதும் நாவின் காரியம். நெஞ்சு உருகிய பின்புதான் நா சொல்ல வேண்டும் என்று காத்திருப்பவர்க்கு இதில் ஒரு நல்ல பாடம் உண்டு. நெஞ்சு வராத நாளிலும் நாவைக் கொடுக்கலாம்.

பன்னீராயிரம் உரு

இந்தப் பிரபந்தத்தை நினைக்கும்போது ஸ்ரீமந்நாதமுனிகளை நினையாமல் இருக்க முடியாது. வீரநாராயணபுரமாகிய காட்டுமன்னார்கோயிலில், மன்னனார் ஸந்நிதியில், மேல்நாட்டிலிருந்து வந்த ஸ்ரீவைஷ்ணவர்கள் திருக்குடந்தை ஆராவமுதன் விஷயமான ஒரு திருவாய்மொழியை விண்ணப்பம் செய்தனர். ஆயிரத்துள் இது ஒரு பத்து என்று அதன் முடிவில் வந்ததைக் கேட்ட நாதமுனிகள், மற்றவையும் உமக்கு வருமோ என்று வினவினார். இவ்வளவே அறிவோம் என்றனர் அவர்கள். ஆயிரத்தையும் தேடிக்கொண்டு அவர் திருக்குருகூரை அடைந்தார். அங்கே மதுரகவிகளின் திருவம்சத்தவரான பராங்குசதாஸர், திருவாய்மொழி முதலான பிரபந்தங்கள் நெடுங்காலத்துக்கு முன்பே மறைந்துவிட்டன என்றும், தம்மிடம் இருப்பது கண்ணிநுண்சிறுத்தாம்பு ஒன்றே என்றும், அதனை ஆழ்வார் திருமுன்பே நியமத்தோடு பன்னீராயிரம் உரு அநுஸந்தித்தால் ஆழ்வார் ப்ரஸந்நராவார் என்றும் அறிவித்தார். நாதமுனிகள் அவ்வாறே அநுஸந்தித்தார். ஆழ்வாரும் ஸாக்ஷாத்கரித்து, நாலாயிரத்தையும் அவற்றின் அர்த்தங்களோடு அருளினார்.

பன்னீராயிரம் உரு என்பதை நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பதினொரு பாசுரங்களைப் பன்னீராயிரம் முறை சொல்வது என்றால் 1,32,000 பாசுரங்கள் ஆகின்றன. ஒரு முறை சொல்ல ஐந்து நிமிடம் என்று கொண்டாலும் மொத்தம் 1,000 மணி நேரம். நாள் ஒன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் இடைவிடாமல் அநுஸந்தித்தாலும் எண்பத்து மூன்று நாட்களுக்கு மேல் செல்லும். அத்தனை காலமும் புதிய பாசுரம் ஒன்றும் இல்லை. சொன்ன பதினொன்றையே மீண்டும் சொல்ல வேண்டும்.

பாதி வழியில் பாதிப் பலன் கிடைத்ததாக நாம் சரித்திரத்தில் கேட்பதில்லை. ஆறாயிரம் உருவில் இரண்டாயிரம் பாசுரங்கள் கிடைத்தன என்று இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு நூறாவது உருவும் பதினோராயிரமாவது உருவும் ஒன்றுபோலவே இருந்திருக்கும். பயிற்சியின் முன்னேற்றத்தை நாள்தோறும் அளந்து பார்க்க விரும்பும் நமக்கு இது கடினமான செய்தி. ஆனால் ஆறுதலான செய்தியும் இதுவே. நமக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

அவர் வேண்டியது ஆயிரம், பெற்றது நாலாயிரம். எண்ணிச் சொன்ன உருவுக்குக் கூலியாக வந்ததாயின் கணக்கு ஒத்திருக்க வேண்டும். கணக்கை மீறி வந்ததால் அது ஆழ்வாரின் அருள் என்று தெளிகிறோம்.

இதில் பராங்குசதாஸருடைய பெருமையையும் மறக்கலாகாது. நாலாயிரத்தையும் இழந்த ஒரு காலத்தில், அவருடைய முன்னோர்கள் பதினொரு பாசுரங்களை மட்டும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். மறைந்தவை மீளும் என்ற உறுதி அவர்கள் கண்முன் இல்லை. "பெரியது போயிற்று, இந்தச் சிறியதை வைத்துக்கொண்டு என்ன பயன்" என்று அவர்களுள் ஒருவர் எண்ணியிருந்தாலும் நாதமுனிகளுக்குக் கொடுக்க ஒன்றும் இருந்திராது. இன்று நமக்குத் தெரிந்தது ஒரு பதிகமே ஆனாலும் அதனை விடாமல் சொல்லி, பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்பதன் மேன்மை இதனால் விளங்கும்.

ஆசார்யனுடைய பொறுமை

கண்ணிநுண்சிறுத்தாம்பின் பத்தாம் பாசுரத்தில் மதுரகவிகள் ஆழ்வாருடைய ஒரு குணத்தைக் கொண்டாடுகிறார். உபதேசிப்பதால் உடனே ஒரு பயன் விளையாவிட்டாலும், கேட்பவர் அதற்குத் தகுதியற்றவராக இருந்தாலும், அவர்களைத் திருத்தி அடிமை கொள்பவர் ஆழ்வார் என்பது அதன் திரண்ட கருத்து. முதற்பாசுரத்தில் போதாத கயிற்றுக்குக் கட்டுண்ட எம்பெருமானைக் கண்டோம். இங்கே தகுதியற்ற சீடனைக் கைவிடாத ஆசார்யனைக் காண்கிறோம். நாம் பொறுமையோடு பயில்கிறோம் என்று எண்ணுவதற்கு முன், நம்மைப் பொறுத்திருப்பவர்கள் யார் என்று எண்ண வேண்டும்.

இதற்கு நாதமுனிகளின் பரம்பரையிலேயே சிறந்த உதாரணம் உண்டு. தம் திருப்பேரனாராக அவதரிக்கப்போகும் யாமுனருக்குத் தாம் பெற்ற செல்வத்தைச் சேர்ப்பிக்குமாறு நாதமுனிகள் உய்யக்கொண்டாரை நியமித்தார். உய்யக்கொண்டார் அப்பொறுப்பை மணக்கால் நம்பியிடம் ஒப்படைத்தார். நம்பி தேடி வந்தபோது ஆளவந்தார் ராஜ்யபோகத்தில் இருந்தார். அவரைக் காணவே வழியில்லை. நம்பி சினம் கொள்ளவில்லை. ஆளவந்தாருக்குத் தூதுவளைக் கீரை உகப்பு என்று அறிந்து, அதனைத் தேடிப் பறித்து, மடைப்பள்ளியில் நாள்தோறும் கொடுத்து வந்தார். ஆறு மாதம் இவ்வாறு சென்றது. பிறகு சில நாட்கள் நிறுத்தினார். கீரை ஏன் இல்லை என்று ஆளவந்தார் வினவ, அதனால் நம்பியைப் பற்றி அறிந்து, அவரை அழைத்து உபசரித்தார். அங்கே தொடங்கிய கீதார்த்த உபதேசம் பெரிய பெருமாள் திருவடிகளில் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஆறு மாதமும் ஆளவந்தார் கீரையை உண்டார். கொடுத்தவர் யார் என்று அறியவில்லை. தமக்காக ஒருவர் காத்திருப்பதையும் அறியவில்லை. நம் விஷயத்திலும் இப்படியே இருக்கக் கூடும். ஏதோ ஒரு நாள் ஒரு பாசுரம் செவியில் விழுந்தது, ஒரு பாகவதரின் நட்பு கிடைத்தது, ஒரு திவ்யதேசத்துக்குச் செல்ல நேர்ந்தது என்று நாம் தற்செயலாக எண்ணுபவை யாரோ நமக்காகப் பறித்துவந்த கீரையாக இருக்கலாம்.

இன்னும் உயரச் சென்றால், காத்திருப்பவன் எம்பெருமானே. திருமழிசைப்பிரான் நான்முகன் திருவந்தாதியில் எம்பெருமானையே பக்தியை விளைக்கும் உழவனாகக் காண்கிறார். வித்து இடுவதும் விளைச்சலுக்குக் காப்பதும் உழவன் பொறுப்பு. நம் நெஞ்சு அவனுக்கு நெடுங்காலமாகச் சொந்தமான நிலம். அநாதி காலமாக இந்த நிலத்தின் பின்னே அவன் திரிகிறான். சில ஆண்டுகள் பயின்றுவிட்டு "இன்னும் முளைக்கவில்லையே" என்று நாம் சலித்துக்கொள்வதைவிட, அவன் சலிக்கவில்லை என்பதை நினைப்பது தகும்.

முயற்சி எதற்காக?

இனி, "அவனே உபாயமாயிருக்க நமக்கு ஏன் பயிற்சி" என்ற இரண்டாம் கேள்விக்கு வருவோம்.

கீதையின் ஆறாம் அத்யாயத்தில் மனத்தை அடக்குவது காற்றை அடக்குவதுபோல அரிது என்றான் அர்ஜுனன். கண்ணன் அதனை மறுக்காமல் ஒப்புக்கொண்டு, அப்யாஸத்தாலும் வைராக்யத்தாலும் அது கைகூடும் என்று அருளினான். எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில், வாக்யகாரரைப் பின்பற்றி, பக்தி விளைவதற்கு அங்கமாக விவேகம், விமோகம், அப்யாஸம், க்ரியை, கல்யாணம், அநவஸாதம், அநுத்தர்ஷம் என்னும் ஏழினைக் காட்டுகிறார். இவற்றுள் அப்யாஸம் என்பது சுபமான ஆலம்பனத்தைத் திரும்பத் திரும்ப மனத்தால் பழகுவது. அநவஸாதம் என்பது துயரங்களை நினைந்து மனம் சோர்ந்து போகாமை. அநுத்தர்ஷம் என்பது அதற்கு எதிராக, அளவு கடந்த மகிழ்ச்சியால் மனம் தளர்ந்துவிடாமை.

சோர்வு தடை என்பதை எவரும் அறிவர். மிகுந்த மகிழ்ச்சியும் தடை என்று சொன்னதில்தான் எம்பெருமானாருடைய நுட்பம் விளங்குகிறது. ஒருநாள் அநுஸந்தானத்தில் கண்ணீர் பெருகியது என்று மிகவும் மகிழ்ந்தவர், மறுநாள் அது வராதபோது அதே அளவு துவண்டுபோவார். இரண்டு நாளும் அவர் கவனித்தது தம் உணர்ச்சியை. பாசுரத்தின் விஷயமான எம்பெருமானை அன்று. பாசுரம் நன்றாக அமைந்த நாளிலும் அமையாத நாளிலும் மறுநாள் அதே வேளைக்கு வந்து அமர்வதே இவ்விரண்டுக்கும் மருந்து.

இவ்வேழும் பக்தியோகத்துக்கு அங்கமாகச் சொல்லப்பட்டவை. ப்ரபந்நனுக்கு இவை உபாயமாக மாட்டா. அவனுக்கு அநுஸந்தானம் எதுவாகும் என்பதை நம் பெரியோர் வழங்கும் ஒரு சொல்லே காட்டிவிடுகிறது. ஆசார்யன் திருமுன்பே அமர்ந்து அர்த்தங்களைக் கேட்பதற்குக் காலக்ஷேபம் என்று பெயர்; காலத்தைப் போக்குவது என்பது அதன் பொருள். பேறு அவன் பொறுப்பு என்று துணிந்தபின், இந்த உடல் விழும் வரை உள்ள காலம் நம் கையில் இருக்கிறது. அதனை எவ்வாறு போக்குவது? அவனுக்கு உகப்பான வகையில் போக்குவது. விலை கொடுத்து வாங்குபவன் விலை கொடுத்து முடிந்ததும் கடையை விட்டுப் புறப்படுவான். தன் வீட்டுக்கு வந்தவன் எதற்காகப் புறப்பட வேண்டும்? அநுஸந்தானம் பேற்றுக்கு விலையாக இருந்தால் முடிவு உண்டு. அது கைங்கர்யம் ஆகையால் முடிவு வேண்டுவதில்லை.

பதற்றமும் த்வரையும்

பொறுமையைச் சொல்லும்போது ஒரு சங்கை எழும். நம்மாழ்வார் எம்பெருமானைக் காணாமல் ஒரு கணமும் தரியேன் என்று கதறினாரே. ஆர்த்தியும் த்வரையும் அதிகாரிக்கு அழகு என்று நம் ஆசார்யர்கள் கொண்டாடுகின்றனரே. பொறுமை அதற்கு விரோதமாகாதோ?

ஆகாது. எம்பெருமானைக் குறித்த விரைவு த்வரை. தன் வளர்ச்சியைக் குறித்த விரைவு பதற்றம். த்வரை உடையவர் அவனை நினைத்துத் துடிக்கிறார். அத்துடிப்பு அவரைப் பயிற்சியில் இன்னும் ஆழ்த்துகிறது. பதற்றம் உடையவர் தம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறார்; அது அவரைப் பயிற்சியிலிருந்து விலக்குகிறது. ஆழ்வார் கதறியபோதும் பாசுரம் நிற்கவில்லை. ஒரு பத்தில் அழுதவர் அடுத்த பத்தையும் பாடினார்; ஆயிரமும் நிறைந்தது.

எம்பெருமானாரும் ஆழ்வானும் இதற்கு ஸாக்ஷி. ரஹஸ்யார்த்தத்தைப் பெறுவதற்காக எம்பெருமானார் திருவரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார். இன்று வாகனத்தில் செல்பவர்க்கும் சிறிது நேரத்தில் முடியாத வழி அது. பதினேழு முறையும் வெறுங்கையோடு திரும்பியவர் பதினெட்டாம் முறையும் புறப்பட்டாரே, அதற்குக் காரணம் அர்த்தத்தின் மீதிருந்த த்வரை. பதற்றம் உடையவராயிருந்தால் மூன்றாம் முறையோடு நின்றிருப்பார்.

அவர் அவ்வாறு பெற்ற சரமச்லோகார்த்தத்தைக் கூரத்தாழ்வான் வேண்டியபோது, ஓராண்டு சுச்ரூஷை செய்தவர்க்கே சொல்ல வேண்டும் என்ற நியமம் உண்டு என்றார். இந்தச் சரீரம் ஓராண்டு இருக்கும் என்பதற்கு நிச்சயம் ஏது என்று விண்ணப்பித்த ஆழ்வான், ஒரு மாத உபவாஸம் அதற்கு ஈடாகும் என்று அறிந்து, அதனை அநுஷ்டித்து அர்த்தத்தைப் பெற்றார். காலம் குறைய வேண்டும் என்று விரும்பினார். நியமம் குறைய வேண்டும் என்று விரும்பவில்லை. முதலியாண்டானோ திருக்கோஷ்டியூர் நம்பியின் திருவாசலில் ஆறு மாதம் காத்திருந்தார். இருவரும் எம்பெருமானாரின் திருவடிகளே. ஒருவருக்கு ஒரு மாதம், ஒருவருக்கு ஆறு மாதம். உடன் பயில்பவர் விரைவாக முன்னேறுவதைக் கண்டு நாம் வருந்த வேண்டியதில்லை என்பதற்கும் இதுவே சான்று.

நாம் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றை நம் நித்யாநுஸந்தானத்தில் எவ்வாறு கொள்வது?

முதலாவது, சிறிய அளவை நியமித்துக்கொண்டு அதனை விடாமல் செய்வது. ஸந்தை முறையே இதற்கு வழிகாட்டி. ஆசார்யர் ஒரு சிறு பகுதியை ஒருமுறை சொல்ல, கேட்பவர் இருமுறை சொல்கின்றனர். பின்பு அரையடி, பின்பு முழு அடி என்று வளர்கிறது. நாலாயிரத்தையும் உள்ளத்தில் ஏற்றும் முறை இரண்டு மூன்று சொற்களில் தொடங்குகிறது என்பது நமக்குத் தைரியம் தர வேண்டும். தொலைதேசங்களில் வேலைக்கும் பள்ளிக்கும் நடுவே, வேளை கெட்ட வேளையில் தொலைபேசி வழியாக ஸந்தை சொல்லும் பாகவதர்களுக்கும் இதே அளவு, இதே முறை. நாள் ஒன்றுக்கு ஒரு பாசுரம் என்று கொண்டாலும் கண்ணிநுண்சிறுத்தாம்பு பதினொரு நாளில் ஒருமுறை நிறைவுறும்.

இரண்டாவது, விட்டுப்போன நாளை முடிச்சாகக் கொள்வது. பிரயாணமோ, நோயோ, ஆசௌசமோ, சோம்பலோ காரணமாக அநுஸந்தானம் விட்டுப்போகலாம். அதனை எண்ணிக் குமுறி, அடுத்த நல்ல நாளில் புதிதாகத் தொடங்குவோம் என்று தள்ளிப்போடுவதே பெரிய இழப்பு. அறுந்த இடத்தில் முடிந்துகொண்டு தொடர வேண்டும். எம்பெருமான் கட்டுண்ட கயிறும் முடிச்சுகள் நிறைந்ததே.

மூன்றாவது, அர்த்தத்தைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பது. ஒரு சொல்லுக்கு வ்யாக்யாதாக்கள் காட்டிய ஒரு பொருளை அறிந்தால், நாளைய அநுஸந்தானத்தில் அச்சொல் வரும்போது மனம் சற்றே அங்கு நிற்கும். ஆண்டு முழுவதும் இப்படிச் சென்றால், மனம் நிற்கும் இடங்கள் பலவாகும்.

நான்காவது, கோஷ்டியை விடாமை. தனியே சொல்லும்போது தளரும் குரலைப் பக்கத்தில் இருப்பவரின் குரல் தாங்கும். பின்தங்கியவரைக் கண்டு முகம் சுளிக்காமல் அவரோடு மீண்டும் ஒருமுறை சொல்வது, பத்தாம் பாசுரத்தில் கண்ட ஆசார்ய குணத்தில் நமக்குக் கிடைக்கும் சிறு பங்கு.

முடிவுரை

அந்தப் பத்தாம் பாசுரத்தின் முடிவை இன்னும் நாம் காணவில்லை. ஆழ்வார் திருத்தி அடிமை கொள்ளும் சீர்மையைச் சொன்ன மதுரகவிகள், ஆழ்வாரையே நோக்கி, உம்முடைய திருவடிகளில் அன்பு உண்டாவதற்கு முயன்றுகொண்டிருக்கிறேன் என்று விண்ணப்பம் செய்கிறார். முயன்றேன், பெற்றேன் என்று அருளவில்லை, நிகழ்காலத்தில் அருளுகிறார். ஆழ்வாரைத் தவிர வேறொன்றும் அறியாதவர், ஆழ்வாராலே எல்லாம் பெற்றதாக முன் பாசுரங்களில் பாடியவர், பிரபந்தம் முடியும் தறுவாயில் இன்னும் முயல்கிறவராகவே நிற்கிறார்.

பெற்றவர் முயல்வது எதற்காக? பெற்ற உபகாரத்தின் பெருமைக்கு ஈடாகச் செய்யத்தக்கது ஒன்றும் இல்லாமையால், அன்பை மேலும் மேலும் வேண்டுகிறார். எனவே முயற்சி என்பது பேறு கிடைக்காதவர்க்கு உரிய துன்பநிலை என்று நாம் எண்ண வேண்டா. அது பேறு பெற்றவருடைய இயல்பாகவும் இருக்கிறது. இன்று பாசுரம் சொல்லியும் நெஞ்சு உருகவில்லையே என்று வருந்துபவர், அந்த வருத்தத்தோடு நாளையும் சொல்லட்டும். அவர் நிற்கும் நிலை மதுரகவிகளும் நின்ற நிலையே. பன்னீராயிரம் உருவுக்குப் பின்னர் நாதமுனிகளும் அநுஸந்தானத்தை நிறுத்திவிடவில்லை. கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் இசையோடு உபதேசித்து, நம் காலம் வரை அது வந்து சேரும்படி செய்தார்.

அவர்கள் காத்துக் கொடுத்ததை நாமும் நாள்தோறும் நாவில் தரித்து, அடுத்தவர்க்குக் கொடுத்து, ஆசார்யர்களின் திருவுள்ளத்துக்கு உகப்பாக வாழ, அவர்கள் திருவடிகளையே வேண்டுவோமாக.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.